தவணை வீடு

வேட்டி மடியை அவிழ்க்கச் சொன்னான் கேட்டில் நின்ற மாத்தா, மலாய்ப் போலீஸ்காரன்.

தம்புசாமி ஈர வேட்டியோடு ரப்பர் தோட்டத்து முள்வேலிக்கு உள்ளே நின்றான். ஒரு கையில் தீச்சட்டி தொங்கியது. பின்னால் நான்கு பேர் தோளில் அண்ணன் அங்கமுத்துவின் பாடை. மற்றக் கையால் மடியை அவிழ்த்தான். இரண்டு பிடி அரிசி. சுடுகாட்டில் அண்ணனுக்கு வாய்க்கரிசி போட எடுத்து வைத்தது.

"பெராஸ் தா போலே," என்றான் போலீஸ்காரன். அரிசி கொண்டுபோகக் கூடாதாம்.

மலாயாவில் அவசரகாலம் அல்லவா? வேலிக்கு வெளியே போகும் அரிசியெல்லாம் காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுக்குத்தான் போகிறது என்று சட்டம். அது உயிரோடு இருப்பவன் வாய்க்கா, செத்தவன் வாய்க்கா என்று பிரித்து எழுதவில்லை.

"செத்தவனுக்குய்யா இது," என்றான் பாடையின் முன்காலைச் சுமந்திருந்த மணியம். "சந்தேகமா இருந்தா நீயே ஊட்டிவிட்டுப் பாரு, முழுங்குறானான்னு."

போலீஸ்காரனுக்குத் தமிழ் புரிந்ததோ என்னவோ, பாடையைப் பார்க்காமல் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு, "தா போலே லா," என்றான், மெதுவாக.

தோட்டத்துச் சாவுகளுக்கெல்லாம் முன்னே நிற்கும் பெரியவர் கணேசமூர்த்தி பேச்சை வளர்க்கவில்லை. "இங்கேயே போட்டுருவோம்பா. ஆறு மணிக்குள்ள திரும்பலன்னா நம்மளையும் வெளியவே வச்சுப் பூட்டிருவாங்க. தோளுலேருந்து தாழ்த்துங்க. தரையில வச்சிராதீங்க, கீழ வைக்கிறது பாதி வழியிலதான்."

இடுப்பு உயரத்துக்குப் பாடை தாழ்ந்தது. பிள்ளை இல்லாத அண்ணனுக்குக் கொள்ளி போடுகிறவன் தம்பிதானே. முதல் அரிசியும் அவன்தான் போட வேண்டும். மூன்று முறை போட்டான். உதட்டில் நிற்காமல் அரிசி கன்னத்தில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது.

அந்த வாய் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு பெருவிரல் ரேகை.

சுங்கை ரம்பாய் ரோட்டோரத்தில் அரை ஏக்கர் நிலம். ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால் அப்பா வாங்கிப் போட்டது, அண்ணன் தம்பி இருவர் பேரிலும் இருந்தது. அதில் ஒரு பலகை வீடு நிறுத்த வேண்டும் என்று அங்கமுத்துவுக்கு ஆசை. டவுனில் பலகைக் கடைக்காரர்கள் சுவர், கதவு, கூரைச் சட்டம் எல்லாவற்றையும் அளவாக அறுத்து, நம்பர் போட்டு லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். இரண்டே நாளில் வீடு எழுந்துவிடும். பணத்தைத் தவணையில் கட்டலாம். அவனுக்கு நெஞ்சில் சளி கட்டி, ரப்பர் பாலுக்கு மரம் வெட்டும் கணக்கு மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தது. மரம் வெட்ட முடியாதவனைத் தோட்டம் எத்தனை நாள் லயத்து வீட்டில் வைத்திருக்கும்?

ரோட்டோரம், போலீஸ் ஸ்டேஷனுக்குப் பக்கம் என்பதால் வேலிக்கு வெளியே குடியிருக்க அனுமதிகூடக் கிடைத்துவிட்டது. பலகைக் கடை முதலாளி, தவுக்கேதான் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். அங்கமுத்துவை நம்பித் தவணைக்குக் கொடுக்க முடியாது, நிலத்தில் பங்குள்ள தம்பி பெருவிரல் வைத்தால் சரி என்றார்.

அவன் பேர் கெட்டிருந்தது உண்மைதான். தவணையில் ஒரு சைக்கிள் வாங்கினான், பிறகு ஒரு தையல் மிஷின். கட்ட முடியாமல் போய், கடைக்காரர்களே வந்து இரண்டையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அதனால், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் அண்ணன் பேப்பரை நீட்டியபோது, தம்புசாமி எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்.

"உன் வீட்டுக்கு வர்ற சாமானெல்லாம் விருந்தாளி மாதிரிண்ணே. ரெண்டு மாசம் தங்கிட்டுப் பொறப்பட்டுடும். வீடும் அப்படித்தான் போகும். போறப்ப சும்மா போகாது, நிலத்தையும் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயிடும்."

களமே சிரித்தது. அங்கமுத்துவும் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தான். பேப்பரை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"சரிடா தம்பு. தீபாவளி போகட்டும், பாப்போம்."

தீபாவளி போய் ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

இன்று காலையில், பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து துண்டால் ஈ விரட்டிக்கொண்டிருந்த அண்ணி அஞ்சலையிடம் தம்புசாமி போய்க் குந்தினான்.

"அண்ணி, அந்தப் பேப்பர் எங்க இருக்கு? நான் பெருவிரல் வைக்கிறேன்."

"அது அவரு பேருல எழுதினதாச்சே, தம்பி," என்றாள் அஞ்சலை. துண்டு நிற்கவில்லை.

சண்டை பிடித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் குரலில் கோபமே இல்லை. பிணம் எடுக்கும் முன்பே தோட்டத்து ஆபீஸ் கிராணி வந்து, மாசக் கடைசியில் புது ஆட்கள் வருகிறார்கள், வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதையும் அவள் அப்படியேதான் கேட்டுக்கொண்டாள்.

"எங்ககூட வந்துருங்க அண்ணி."

"ஒத்த ரூமுல ஏழு பேரு படுக்கிறீங்க. என்னை எங்க, ஆணியில மாட்டி வைப்பீங்களா?"

அவள் துண்டை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அரிசி போட்டு முடிந்ததும் கேட் திறந்தது. இருபது பேருக்குத்தான் அனுமதி. பேர் சொல்லி எண்ணி வெளியே விட்டார்கள். துப்பாக்கியோடு இரண்டு போலீஸ்காரர்கள் பின்னால் வந்தார்கள். பாதி வழியில் பாடையை இறக்கித் திசை மாற்றும் இடம் வரைக்கும் பெண்கள் வரலாம். அஞ்சலையும் வந்தாள்.

எப்போதும் பாலத்தருகேதான் இறக்குவார்கள். பாலம் தெரிந்ததும் தம்புசாமி நின்றான்.

"பெரியவரே, இங்க வேணாம். எங்க நிலத்துல எறக்கலாம்."

கணேசமூர்த்தி வெயிலைப் பார்த்தார். "நேரமாகுதேப்பா."

"அவனுக்கும் பங்கு இருக்கிற எடம்."

"வந்து பாருடா, வந்து பாருடான்னு அவன் எத்தனை வாட்டி கூப்பிட்டிருப்பான்," என்றான் மணியம், தோள் மாற்றிக்கொண்டே. "இப்பவாவது வழி தெரியுமா உனக்கு?"

தம்புசாமி பாலத்தைத் தாண்டி நிலத்தை நோக்கி நடந்தான். அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணியைக் கூட்டிக்கொண்டு இங்கே வருவான் என்று கேள்விப்பட்டிருக்கிறான். வந்து என்ன செய்தார்கள் என்று அவன் விசாரித்ததில்லை.

நிலம் முழுக்க லாலாங் புல் முழங்காலுக்கு மேல் வளர்ந்து கிடந்தது. அதைக் காலால் விலக்கிக்கொண்டு அவன் நேராக உள்ளே நடந்தான். பாடை பின்னால் வந்தது.

"தம்பி."

அண்ணியின் குரல். அவன் நின்றான்.

"அது சுவரு."

கீழே பார்த்தான். காலடியில் ஒரு முளைக்குச்சி. அதிலிருந்து ஒரு சணல் கயிறு புல்லுக்குள் நேராக ஓடி, தூரத்தில் இன்னொரு முளையில் திரும்பியது. அங்கிருந்து இன்னொன்று. உள்ளே குறுக்காக ஒரு கயிறு, இரண்டு அறைகளைப் பிரித்துக்கொண்டு.

அஞ்சலை அவர்களைக் கடந்து போனாள். தரையைப் பார்க்காமலேயே கயிற்றை ஒட்டி நடந்தாள். மூலையில் திரும்பினாள். கயிறு விட்டுப்போயிருந்த ஓர் இடத்தில் நின்று, புல்லைப் பாதத்தால் இரண்டு பக்கமும் சாய்த்தாள்.

"வாசல் இங்க."

நான்கு பேரும் பாடையோடு பின்னால் நகர்ந்தார்கள். ஒருவர் காலும் கயிற்றில் படவில்லை. சுற்றிக்கொண்டு அவள் நின்ற இடத்துக்கு வந்தார்கள். போலீஸ்காரர்கள் ரோட்டிலேயே நின்றுவிட்டார்கள்.

சாவு வீட்டில் யாரையும் வா என்று கூப்பிடுவதில்லை. காலையிலிருந்து வந்தவர்களை எல்லாம் அஞ்சலை சும்மா நிமிர்ந்து பார்த்ததோடு சரி. இப்போது முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டாள். வழிவிட்டு ஒரு பக்கமாக ஒதுங்கினாள்.

"வாங்க தம்பி," என்றாள்.

தம்புசாமி தீச்சட்டியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, தலையில் இடித்துவிடாதபடி குனிந்து, உள்ளே போனான்.