எட்டாம் அத்தியாயத்துக் கிணறு

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் ஏஞ்சலம்மாள் தையல் மிஷினை மிதிக்கிற சத்தம் சயான் ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும் என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். அது சுத்தப் பொய். சயானில் ரயில் சத்தம் அதிகம். மாஹிம் வரைக்கும்தான் கேட்கும். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் செம்பூரிலும் சுனாபட்டியிலும் கோவண்டியிலும் நீலச் சீருடை மாட்டிக்கொண்டு போகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இடுப்பில் இருப்பது அவள் வைத்த மடிப்புதான். மீதிப் பாதி, அவளிடம் இடம் கிடைக்காமல் வேறு தையல்காரரிடம் போய் ஏமாந்தவர்கள்.

கை அப்படிப் பறக்கும். அச்செழுத்தைக் கண்டால் மட்டும் கண் நொண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. 'க'வுக்குக் கால் போட்டு, 'ட'வைச் சேர்த்து, ஒரு பக்கத்தைத் தாண்டி முடிப்பதற்குள் அடுப்பில் ஆட்டுக்கால் வெந்து, குழைந்து, சட்டியிலும் ஒட்டிவிடும். இதை ஐம்பத்தொன்பது வயது வரைக்கும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால், "கண்ணாடி மாத்தணும்" என்பாள். அந்தக் கண்ணாடியை முப்பது வருஷமாக மாற்றிக்கொண்டிருந்தாள்.

மருமகள் ரீனா வடாலாவில் வேலை பார்க்கிறவள். அவள் போகிற வழியில், மாட்டுங்காவில், ஒரு பழைய கட்டிடத்தின் முதல் மாடியில் இருக்கிற உதயகீதம் தமிழ் நூலகத்தில் போன ஏப்ரலில் புதுவரவுப் பட்டியல் ஒட்டினார்கள். நாற்பத்திரண்டு புதுப் புத்தகங்கள். அதற்குக் கீழே, நூலகத்தின் சரித்திரத்திலேயே முதல் முறையாக, நூற்றிருபது ஒலிநூல்கள். அட்டை எண்ணைப் போட்டால் நாவல் போனுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் ஒருவர் வாசித்துக் காட்டுவார். பதினாலு நாள் ஆனால் தானாகவே திரும்பிப் போய்விடும். ரீனா மாமியார் பெயரில் ஒரு அட்டை வாங்கி வந்தாள்.

"எனக்கு எதுக்கு மக்கா இதெல்லாம்? கண்ணாடி..."

"கண்ணாடிய ச்சோடோ அத்த, விட்டுத்தள்ளுங்க. இது காதுல மாட்டுறது."

மாட்டினாள். அவ்வளவுதான். அன்றைக்கு அவள் வைத்த சோறு மறுநாள்தான் ஞாபகத்துக்கு வந்தது. காலர் வைக்கையில் ஒரு கொலை, காஜா எடுக்கையில் ஒரு கல்யாணம், பட்டன் தைக்கையில் ஒரு ராஜ்யமே கவிழ்ந்தது. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் மிஷினில் இருக்கிறவளுக்கு எண்ணூறு பக்க நாவல் எல்லாம் மூன்று நாள் தீனி. அண்டை வீட்டுப் பெண்கள் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்து, கதை கேட்டு, அளவு கொடுக்காமலே திரும்பிப் போனார்கள்.

டிசம்பர் கடைசியில் நூலகர் விஜயலட்சுமி கரும்பலகையில் வருஷக் கணக்கை எழுதினாள். ஏஞ்சலம்மாள், எழுபத்து நான்கு. அதற்குக் கீழே, கே. சுப்ரமணியன், எழுபத்தொன்று.

சுப்ரமணியன் யார் என்று மாட்டுங்காவில் கேட்டால் அடிப்பார்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றவர். நூலக வாசலில் 'ஆண்டின் சிறந்த வாசகர்' என்று ஒரு பலகை மாட்டியிருக்கிறது. அதில் பதினோரு வருஷமாகத் தங்க எழுத்தில் அவர் பெயர்தான். புதிதாக வருகிறவர்கள் அது அவர் வீடு என்று நினைத்துச் செருப்பை வெளியே விட்டு மணியடிப்பார்கள். புத்தக அலமாரிகூட அவர் இருமினால் தானாகத் திறந்துகொள்ளும்.

அப்படிப்பட்டவர் கரும்பலகையைப் பார்த்தார். நேரே செயலாளர் ஜெயினுலாப்தீனிடம் போனார். ஜெயினுலாப்தீனுக்குத் தாராவியில் தோல் பை செய்கிற பட்டறை, ஞாயிற்றுக்கிழமைதோறும் நூலகம்.

"பாய், இது என்ன நியாயம்? காதால கேட்டதெல்லாம் படிச்சதா ஆயிடுமா? நான் தெனம் கார்த்தால ரேடியோல பாட்டு கேக்கறேன். அதுக்காக நான் பாடகனா?"

"நீங்க கேட்டாலும் பாடத்தான செய்யிதிய, சார். குளிக்கையில."

"விளையாடாதீங்கோ. அந்தம்மா மிஷின் மிதிச்சுண்டே கேக்கறா. பாதி காதுல விழும், பாதி ஊசியில போகும். வாசிப்புங்கறது ஒரு தவம்."

அதோடு எட்டுப் பக்கத்தில் ஒரு கடிதமும் கொடுத்தார். கமிட்டி கூடியது. தேநீர் மூன்று தரம் வந்தது. கடைசியில் ஜெயினுலாப்தீன் தீர்ப்புச் சொன்னார்: ஆண்டு விழா மேடையில், இரண்டு பேரும் எடுத்திருக்கிற ஐந்து புத்தகங்களிலிருந்து ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுப்பது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேச வேண்டியது. ஏஞ்சலம்மாள் புத்தகத்தைச் சரியாகச் சொன்னால் எழுபத்து நாலும் செல்லும். தப்பினால் எழுபத்து நாலையும் அழித்துவிட்டு, இனிமேல் காதால் கேட்டது எதுவும் படித்ததாகச் சேராது என்று விதியிலேயே எழுதிவிடுவது.

செய்தியை ரீனா கொண்டுவந்தபோது ஏஞ்சலம்மாள் மிஷினை நிறுத்தினாள். தெரு திடீரென்று அமைதியானதில் இரண்டு நாய்கள் பயந்து எழுந்தன.

"டென்ஷன் நக்கோ அத்த, பயப்படாதீங்க. உங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே."

"மனப்பாடம் இருக்கட்டும். அவிய சொல்லுதது சரியா இருந்துட்டா?"

அதுதான் அவளுக்குள் இருந்த முள். எழுபத்து நாலு நாவல் போன பிறகும், தான் உண்மையில் படித்தவளா, இல்லை ஒட்டுக்கேட்டவளா என்று அவளுக்கே ஒரு சந்தேகம். மேடையில் தப்பினால் பலகை மட்டும் போகாது. மறுபடியும் அந்தப் பழைய கண்ணாடியை மாற்ற ஆரம்பிக்க வேண்டும்.

விழா அன்றைக்கு மாட்டுங்காவே திரண்டது. நூலகத்துக்குக் கீழே இருக்கிற ஹாலில் நாற்பது நாற்காலி, உட்கார்ந்தவர்கள் நானூறு. தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து ஒரு படையே, அவள் தைத்த ஜாக்கெட்டுகளோடு, முன்வரிசையைப் பிடித்திருந்தது. விஜயலட்சுமி சீட்டை எடுத்துப் பிரித்து வாசித்தாள்.

"சுங்கச்சாவடி சுந்தரி."

சுப்ரமணியன் முதலில் பேசினார். முன்னுரையில் தொடங்கினார். நாவலாசிரியரின் மொழி, அந்தக் காலத்துச் சுங்கச்சாவடிகள், சுந்தரியின் குணநலன், தாளின் தரம். இருபது நிமிஷம். வரிக்கு வரி இரண்டு முறை வாசித்ததாக நடுவில் நான்கு தரம் சொன்னார். கைதட்டலும் வாங்கினார்.

ஏஞ்சலம்மாள் எழுந்தாள். மைக்கைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"எனக்கு அவ்வளவுல்லாம் சொல்லத் தெரியாது. எனக்குப் பிடிச்சது அந்தக் கெணத்து எடம். சுங்கச்சாவடி முத்திரைய அந்தப் பாவி கெணத்துல தூக்கிப் போட்டுட்டான்னு அங்க வச்சுதான் நமக்கே தெரியுது. சுந்தரி இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு உள்ள எறங்குதா. மேல பாத்தா வானம் ஒரு தோசைக்கல்லு அளவுக்குத்தான் தெரியுது. பாதி எறங்குனதும் கீழருந்து ஒரு ஆம்பளக் கொரலு, 'பாத்து வா, படியில பாசி' அப்படிங்குது..."

"ஒரு நிமிஷம்." சுப்ரமணியன் எழுந்துவிட்டார். "என்ன கிணறு?"

"சுந்தரி எறங்குத கெணறு, சார்."

"இந்த நாவல்ல கிணறே கிடையாது. கிணறுங்கற வார்த்தையே கிடையாது. வேற எதையோ கேட்டுட்டு இதுல கொண்டுவந்து ஒட்டறா. நான் இதைத்தானே பாய் சொன்னேன்?"

முன்வரிசை ஜாக்கெட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்தன. பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காற்றுப் பற்றவில்லை.

எழுபத்து நாலு நாவல். அதில் எத்தனை கிணறு என்று ஏஞ்சலம்மாள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். குறைந்தது பத்தொன்பது. விழுந்தவர்கள் பதினோரு பேர், தள்ளப்பட்டவர்கள் ஐந்து பேர், சும்மா எட்டிப் பார்த்தவர்கள் மூன்று. இவளை எந்தக் கிணற்றிலிருந்து எடுத்தேன்? அவர் வரிக்கு வரி படித்தவர். நான் மடிப்புக்கு மடிப்பு கேட்டவள்.

மடிப்பு.

அவளுக்குச் சட்டென்று நீலத் துணி ஞாபகம் வந்தது. ஜூன் மாதம், செம்பூர்ப் பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகளுக்குப் பினஃபோர். சுந்தரிக்குக் கயிறு வழுக்கியபோது இவள் கையும் வழுக்கி, மடிப்பு வலப்பக்கம் போவதற்குப் பதில் இடப்பக்கம் போனது. ஒன்று இல்லை, நான்கு பினஃபோர். பயத்தில் கவனிக்கவே இல்லை. அத்தனையையும் பிரித்துத் தைத்தாள்.

அவள் மைக்குக்கு அருகில் வந்தாள்.

"இருக்கு சார். எட்டாவது அத்தியாயம். நாலு பினஃபோர் கெட்டுப்போச்சு அந்தக் கெணத்தால. இல்லாத கெணத்துக்கு எப்படி சார் மடிப்பு மாறும்?"

"பினஃபோரா? இது சாட்சியா?"

ஜெயினுலாப்தீன் கையைத் தூக்கினார். "சண்டை எதுக்கு? புஸ்தகம் மேலதான இருக்கு. விஜயலட்சுமி, எடுத்துட்டு வாம்மா."

புத்தகம் வந்தது. நூலகத்தில் இருந்த ஒரே பிரதி. சுப்ரமணியனே அதை வாங்கி, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்து, எட்டாம் அத்தியாயத்தின் முதல் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நூற்றுப் பத்து. நூற்றுப் பதினொன்று. நூற்றுப் பன்னிரண்டு. எதிர்ப் பக்கத்துக்குப் பார்வை போனதும் அவருடைய கை அந்தரத்திலேயே நின்றது.

விஜயலட்சுமி எட்டிப் பார்த்தாள். "சார், இது நூத்தி இருபத்தொம்பது."

"வாசிம்மா," என்றார் ஜெயினுலாப்தீன். "ரெண்டு பக்கத்தையும் சேத்து வாசி."

விஜயலட்சுமி நூற்றுப் பன்னிரண்டின் கடைசி வரியை எடுத்து, அப்படியே எதிர்ப் பக்கத்துக்குத் தாண்டினாள்: "சுந்தரி கயிற்றை இடுப்பில் இறுகக் கட்டிக்கொண்டு, பாயசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்."

ஒரு விநாடி யாருக்கும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பைண்டிங்கில் பதினாறு பக்கம் முழுசாக விட்டுப்போயிருக்கிறது. கிணறும், முத்திரையும், கீழேயிருந்து பேசிய ஆம்பளையும் அச்சகத்திலேயே எங்கோ விழுந்துகிடக்கிறார்கள். வரிக்கு வரி இரண்டு முறை வாசித்தவர், ஒரு பெண் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாயசம் சாப்பிட்டதை இரண்டு முறையும் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

"ஓரத்துல பென்சில்ல ஏதோ எழுதியிருக்கே," என்றாள் விஜயலட்சுமி. அவளுக்கு வாய் துடித்தது. "கே.எஸ். கையெழுத்தோட. 'அருமையான வர்ணனை.'"

சிரிப்பு கிளம்பியது. கிங்ஸ் சர்க்கிள் பூங்காவில் உட்கார்ந்திருந்த புறாக்கள் அத்தனையும் எழுந்து தாதர் பக்கம் போனதாகக் கேள்வி. ஒரு பெரியவர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து நழுவி, அதையே சாக்காக வைத்து முன்வரிசைக்கு நகர்ந்துவிட்டார். தொண்ணூறு அடி ரோட்டுப் பெண்கள் குலவையிட்டார்கள். ரீனா போனைத் தூக்கிக்கொண்டு மேடைக்கே ஓடிவந்தாள்.

"எழுபத்து நாலு எழுபத்து நாலுதான்," என்றார் ஜெயினுலாப்தீன். "பெயிண்டர வரச்சொல்லு. பேர நல்லாப் பெருசா எழுதணும்."

ஏஞ்சலம்மாள் மேடையிலேயே நாற்காலியில் உட்கார்ந்தாள். காலுக்குக் கீழே மிஷின் இல்லாமலே பாதம் மிதித்துக்கொண்டிருந்தது. முப்பது வருஷத்துக் கண்ணாடி மூக்கிலிருந்து இறங்கியது போல முகம் லேசாக இருந்தது. ஒட்டுக்கேட்டவளுக்குத் தெரியாது, படித்தவளுக்குத்தான் தெரியும், எங்கே கிணறு இருக்கிறது என்று.

சிறப்பு விருந்தினர் பேச எழுந்தார். அப்போதுதான் சுப்ரமணியன், புத்தகத்தை மார்போடு பிடித்தபடி, அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முகம் கொஞ்சம் சிவந்திருந்தது. ஆனால் கண்ணில் இருந்தது கோபம் இல்லை. வேறு ஒன்று, அதை ஏஞ்சலம்மாள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்து கதையில் மாட்டிக்கொண்ட பெண்களின் கண்ணில் பார்த்தது.

"கிணத்துக்குள்ள இருந்தவன் யாரும்மா?"

"சொன்னா ருசி போயிரும் சார். போன்ல இருக்கு. போடட்டா?"

அவர் தலையை ஆட்டினார்.

"ஆனா நீங்க படிக்கிறவியல்லா. கேக்கலாமா?"

ஹால் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டது. சுப்ரமணியன் தொண்டையைச் செருமினார். பதினோரு வருஷத்துப் பலகையை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டாலும் படிச்சதுதான். போடுங்கோ."

ரீனா போனை மைக்குக்கு முன்னால் வைத்தாள். சிறப்பு விருந்தினர் தம்முடைய பன்னிரண்டு பக்க உரையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, முதல் ஆளாக உட்கார்ந்தார். எட்டாம் அத்தியாயம் ஆரம்பித்தது. நாற்பது நிமிஷம் நானூறு பேர் அந்தக் கிணற்றுக்குள் இறங்கினார்கள். இட்லி ஆறியது, ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கயிறு வழுக்கியபோது, சுப்ரமணியன் பக்கத்து நாற்காலிக்காரரின் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். சுந்தரி முத்திரையோடு மேலே ஏறி, ஈரச் சேலையோடு நேரே கல்யாண வீட்டுப் பந்திக்குள் போய் உட்கார்ந்தபோது முன்வரிசை கைதட்டியது. போனிலிருந்த குரல் நிதானமாக, சுந்தரி பாயசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்று வாசித்தது.

ஏஞ்சலம்மாள் விரலை நீட்டிக் கதையை நிறுத்தினாள்.

"ஏம்மா, ஏன் நிறுத்தறேள்? அப்புறம் என்ன ஆச்சு?" என்றார் சுப்ரமணியன்.

"இனிமே உங்க புஸ்தகத்துலேயே இருக்கு சார்," என்றாள் அவள். "நூத்தி இருபத்தொம்பதாம் பக்கம். நீங்க வாசிங்க, நாங்க கேக்கோம்."