அந்தப் படத்துக்கு எத்தனை மாடி

லிஃப்ட் பாதுகாப்பு அதிகாரி மூன்று மணிக்கு வருவார் என்று சொல்லியிருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் இப்போது இரண்டு பத்து. எலும்பு முறிவுப் பிரிவின் நான்காம் எண் அறையில், கட்டிலை ஒட்டிக் கிடந்த இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து, அவன் நகக்கண்களில் அப்பியிருந்த கிரீஸைத் தீக்குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். நேற்றிலிருந்து எத்தனையோ முறை கை கழுவியாயிற்று. கறுப்பு போவதாக இல்லை.

கட்டிலில் அவனுடைய அக்கா புருஷன். வலது கை முழங்கைக்கு மேல் வரை மாவுக்கட்டு. விலாவில் இரண்டு எலும்பு விரிசல். மூச்சை அளந்து அளந்து விட்டுக்கொண்டிருந்தார்.

"டேய் சப்டைட்டில், அந்த நகத்த விட்டுத் தொலை. பாக்கறவங்க உனக்குத்தான் அடிபட்டிருக்குன்னு நினைப்பாங்க."

சப்டைட்டில் என்பது லிஃப்ட் கம்பெனியில் அவனுக்கு வைத்த பெயர். வைத்ததே மாமாதான். ஒன்பது வருடமாக இருவரும் ஜோடி. லிஃப்ட் வேலையில் ஜோடி இல்லாமல் யாரும் கை வைக்கக் கூடாது. ஒருவர் மொட்டை மாடியில் மோட்டார் அறையில் நிற்க, இன்னொருவர் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்க்க வேண்டும். நடுவில் எட்டோ பத்தோ மாடி இருட்டு. இணைப்புக்கு ஒரு வாக்கி டாக்கி.

கொரியப் படங்கள் அந்த ஜோடிக்குள் நுழைந்தது மூன்று வருடத்துக்கு முன்பு. ஏதோ ஒரு கட்டடத்தில் கேபிள் வருவதற்காகக் காத்திருந்த நேரம், வாட்ச்மேன் ஒருவர் போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கேபிள் வந்து சேர்ந்தபோது அவன் எழுந்திருக்கவில்லை. மாமா வந்து காலால் தட்டிப் பார்த்தார். "படம் பாக்கறதா, பரீட்சைக்குப் படிக்கறதா? கீழ இவ்ளோ எழுத்து ஓடுது." அவருக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்கல், கண்ணாடி போட்டால் வயதானவன் என்பார்கள் என்று போடமாட்டார். அதனால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இவன் கீழே ஓடும் வசனத்தை உரக்கப் படிக்க, அவர் படத்தை மட்டும் பார்க்க ஆரம்பித்தார். ஆறே மாதத்தில் இவனைவிட அவருக்குத்தான் பைத்தியம் முற்றியது. மெக்கானிக்குகள் குழுவில் படத்துக்குப் படம் குரல் பதிவு போடுவார். மதிப்பெண் கிடையாது, மாடிதான். "தரைத் தளத்துலயே கதவு திறக்கல." "ஏழாவது மாடி வரைக்கும் சும்மா வெண்ணெய் மாதிரி போச்சு, அப்புறம் கரண்ட் கட்." பத்து மாடி என்று அவர் ஒரே ஒரு படத்துக்குத்தான் சொன்னார். போன வாரம் பார்த்த பஸ் டிரைவர் படத்துக்கு.

அதே படத்துக்கு இவன் நாலு மாடி என்று போட்டிருந்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கதை பெரியதில்லை. பனி கொட்டும் மலைச்சாலை. ஓய்வு பெறப்போகிற பஸ் டிரைவர். ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல் என்று மகன் பஸ்ஸை எடுக்கிறான். ஒரு வளைவில் ஒருவர்மேல் மோதிவிடுகிறான். பின் இருக்கையில் சுருண்டு கிடந்த அப்பா எழுந்து வந்து, நான்தான் ஓட்டினேன் என்று சொல்லிச் சிறைக்குப் போகிறார். ஆறு வருடம் கழித்து வெளியே வருகிறவருக்காக மகன் காருடன் காத்திருக்கிறான். அப்பா முன்னால் உட்காராமல் பின்கதவைத் திறந்து ஏறி ஜன்னலைப் பார்க்கிறார். படம் முடிகிறது.

நேற்றுக் காலை பத்தரைக்கு, ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில், இருவரும் அதைத்தான் வாக்கி டாக்கியில் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மெயின் சுவிட்ச் இறக்கியிருந்தது. இவன் மேலே பிரேக்கின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தான். மாமா பெட்டியின் கூரையில் வேலையை முடித்துவிட்டு எட்டாவது மாடிக் கதவு வழியாக வெளியேறி, "வெளிய வந்துட்டேன்" என்று முறைப்படி சொன்னார்.

"சரி மாமா. ஒண்ணு கேக்கறேன். அந்த ஆளு பெத்த மகன ஒரு வார்த்தை கேட்டாரா? உனக்குச் சம்மதமான்னு கேட்டாரா?"

"கேட்டுட்டுச் செய்யறதுக்கு அது என்ன கல்யாணப் பந்தியாடா? அப்பன்னா செய்வான்."

"செஞ்சுட்டு ஹீரோவா ஜெயிலுக்குப் போயிட்டாரு. வெளிய இருந்து தினம் செத்தது அவன். அதான் நாலு மாடி."

இங்கேதான் அந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு நடந்தது. கிரீஸ் டப்பாவைக் கூரைமேலேயே விட்டுவிட்டது மாமாவுக்கு நினைவுக்கு வந்தது. பேசிக்கொண்டே திரும்ப உள்ளே கால் வைத்தார். கால் வைத்ததும், பெட்டி நகராமல் தடுக்க அங்கிருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். "மேல ஏறிட்டேன்" என்று சொல்ல வேண்டும். இரண்டையும் செய்யவில்லை. மோட்டார் அறையில் இவன், சுவிட்சை ஏற்றும் முன், பெட்டிமேல் ஆள் உண்டா என்று தெரிந்துகொள்ள "மேல யாரு?" என்று கேட்க வேண்டும், பதில் வந்த பிறகே கை போக வேண்டும். ஒன்பது வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. ஆனால் கடந்த பத்து நிமிடமாக மாமாவின் குரல் காதிலேயே இருந்தது. குரல் இருக்கும்போது ஆள் எங்கே என்று தனியாகக் கேட்கத் தோன்றவில்லை. சொல்ல வேண்டிய வார்த்தைகளின் இடத்தைப் படம் அடைத்துக்கொண்டிருந்தது.

"கடைசி சீன்ல அந்த ஆளு மூஞ்சிய நல்லா பாத்தியா, அதுல..." என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தபோது இவன் சுவிட்சை ஏற்றினான்.

மின்சாரம் வந்ததும் அந்த லிஃப்ட் தானாக மேல்மாடி வரை போய் நின்று, எந்த மாடியில் இருக்கிறது என்ற தன் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளும். வாக்கி டாக்கியில் பாதி வாக்கியத்தோடு குரல் நின்றது. பிறகு ஓர் இரைச்சல். இவன் சுவிட்சை இறக்கி, மொட்டை மாடியிலிருந்து ஒன்பதாவது மாடிக்கு எப்படி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. கதவைச் சாவி போட்டுத் திறந்தபோது மாமா மல்லாந்து கிடந்தார். மூக்குக்கும் மேல் கான்கிரீட்டுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி. வலது கை இரும்புச் சட்டத்துக்குள் மடங்கியிருந்தது. அந்த நிலையிலும் அவர் சொன்னது: "யார்கிட்டயும் வாய தொறக்காத."

இப்போது அந்தப் பேச்சின் மிச்சம்.

அக்கா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போயிருந்தாள். மாமா கதவைப் பார்த்துக்கொண்டார்.

"கேளு. 'மேல யாரு'ன்னு நீ கேட்ட. ரெண்டு தடவ கேட்ட. நான் பதில் குடுக்கல. பட்டனையும் அழுத்தல. அவ்ளோதான் நடந்தது."

"நான் கேக்கல மாமா."

"கேட்ட. வாக்கி டாக்கி என்ன ரெக்கார்டா பண்ணுது? சிவப்பு பட்டன் அழுத்தாம இருந்தத நேத்தே வந்து போட்டோ எடுத்துட்டுப் போயிட்டாங்க. என் தப்பு எழுதியாச்சு. அதோட உன்னதும் எதுக்கு? யார் தப்புன்னு முடிவாகுதோ அவன் லைசென்ஸ் போச்சு, இனிமே ஒரு லிஃப்டையும் தொட முடியாது. எனக்கு இன்னும் நாலு வருஷ சர்வீஸ்தான். உனக்கு இருவத்தஞ்சு. வீட்டுல நாப்பது நாள் குழந்தை. யோசிச்சுப் பாரு."

அவன் யோசித்தான். யோசித்ததில் அந்த ஏற்பாடு தனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் அவனைத் திடுக்கிட வைத்தது. நெஞ்சுக்குள் நேற்றிலிருந்து இறுகிக் கிடந்த ஒரு முடிச்சு, யாரையும் கேட்காமல் தானாகத் தளர்ந்தது. சுகமாகத்தான் இருந்தது. அவமானமாகவும் இருந்தது.

"நாலு மாடின்னு சொன்னவன்தானே நீ," என்றார் மாமா, கண்ணை மூடிக்கொண்டு. "இப்ப சொல்லு."

அவன் எழுந்து வெளியே வந்துவிட்டான்.

வராந்தாவின் கோடியில், வெந்நீர்க் குழாய் முன்னால் அக்கா நின்றிருந்தாள். பிளாஸ்க் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவன் போய்க் குழாயை மூடினான். அவளிடம் மறைக்க அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியாது. நாலு வரியில் எல்லாவற்றையும் சொன்னான். மாமா போட்டிருக்கும் திட்டத்தையும் சேர்த்து.

அவள் பிளாஸ்க்கின் மூடியை இறுக்கினாள். இறுகிய பிறகும் இறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"ஆக, ரெண்டு ஆம்பளைங்க வேலை நேரத்துல சினிமா பேசி ஒருத்தன் சாகப் பாத்திருக்கான்."

"நான் உள்ளத சொல்லிடலாம்னு இருக்கேன்க்கா."

"ம்."

"நீ என்ன சொல்ற?"

"அந்தப் படத்த நானும் பாத்தேன். போன ஞாயித்துக்கிழமை. உங்க மாமா தூங்கினப்புறம், தனியா."

அவன் அவளைப் பார்த்தான். அவள் படம் பார்ப்பாள் என்பதே அவனுக்குப் புதுச் செய்தி. மூன்று வருடமாக அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் இருவரும் படங்களை அலசியிருக்கிறார்கள். அவள் குறுக்கே நடந்து போயிருக்கிறாள், டம்ளர் எடுத்திருக்கிறாள், விளக்கைப் போட்டிருக்கிறாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான். கேட்ட பிறகுதான் இந்த நேரத்தில் இதைக் கேட்பது எவ்வளவு கிறுக்குத்தனம் என்று பட்டது.

"அந்த வீட்டுல ஒரு அம்மா இருக்கா. புருஷன் ஜெயிலுக்குப் போறான், மகன் குடிச்சுக் குடிச்சுச் சீரழியறான். நடுவுல அவ ரெண்டு பேர் துணியையும் மடிச்சு வெச்சுட்டே இருக்கா. நீங்க ரெண்டு பேரும் அந்தப் படத்தப் பத்தி ஒரு வாரமா கத்துனீங்க. அவளப் பத்தி ஒரு வார்த்தை வரல." பிளாஸ்க்கை அவன் கையில் கொடுத்தாள். "அவளையும் யாரும் கேக்கலதானே."

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே அதிகாரி வந்துவிட்டார். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. தோளில் துணிப்பை, கையில் நீல ஃபைல். நாற்காலி போட்டதும் உட்காராமல் முதலில் மாமாவின் விரல்களைப் பார்த்தார். "அசையுதா?" என்றார். அசைத்துக் காட்டினார் மாமா. "நல்லது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கடுமையான ஆளாக இருந்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பட்டன் விஷயம் தெரியும். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. பவர் குடுக்கறதுக்கு முன்னாடி மேல ஆள் இருக்கான்னு கேட்டீங்களா?"

"கேட்டான்" என்றார் மாமா.

"நான் அவரக் கேட்டேன்" என்றார் அதிகாரி, அவனைக் காட்டி.

அவன் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த மாதிரி அறைகளில் இந்த மாதிரி முகங்களை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும்.

"வேண்டாம். வாயால சொல்ல வேண்டாம். ரெண்டு பேரும் தனித்தனியா எழுதிக் குடுங்க. ஒருத்தர் எழுதறத ஒருத்தர் பாக்கக் கூடாது." ஃபைலிலிருந்து இரண்டு தாள்களை உருவினார். "ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். ரெண்டும் ஒத்துப்போகலன்னா ரெண்டு லைசென்ஸையும் நிறுத்தி வெச்சிடுவோம். விசாரணை எப்ப முடியும்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனால யோசிச்சு எழுதுங்க."

மாமா மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "நான் எப்படி எழுத?"

"அவங்க எழுதட்டும்." அதிகாரி அக்காவைப் பார்த்தார். "நீங்க எழுதுவீங்கல்ல? அவர் சொல்றத அப்படியே. கீழ, அவர் சொன்னபடி எழுதினேன்னு நீங்க கையெழுத்துப் போடணும்."

அக்கா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

அவனை ஜன்னலோரம் உட்கார வைத்தார்கள், கட்டிலுக்கு முதுகு காட்டி. மடியில் தாள், தாளுக்கு அடியில் அதிகாரியின் ஃபைல். அச்சடித்த கேள்விக்குக் கீழே ஒரு கோடு, அவ்வளவுதான் இடம். அவன் கணக்குப் போட்டான். மாமா சொல்லப்போவது தெரியும். அதையே தானும் எழுதினால் மாமாவின் வேலை போகும், இவன் தப்புவான். உள்ளதை எழுதினால், மாமாவின் வார்த்தையோடு முட்டி, இரண்டு வீட்டுப் பிழைப்பும் நின்றுபோகும். அப்படியானால் உள்ளதை எழுதுவதுதான் எல்லாரையும் கவிழ்க்கிற காரியமா? யாரோ மிகவும் புத்திசாலித்தனமாகக் கட்டிய பொறி போல இருந்தது. அக்காவின் பேனாவில் என்ன வரும் என்று தெரிந்தால் போதும். அது ஒன்றுதான் தெரியவில்லை.

குழந்தையின் முகம் நினைவுக்கு வந்தது. அடுத்து அந்த ஒரு முழ இடைவெளி வந்தது. அது போகாமல் அங்கேயே நின்றது.

"இல்லை. நான் கேட்கவில்லை" என்று எழுதினான். எழுத்து கோணலாக விழுந்தது. கீழே கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடினான். அந்தச் சின்னச் சத்தம் அறை முழுவதும் கேட்டிருக்கும்.

முதுகுக்குப் பின்னால் மாமாவின் குரல், மூச்சை அளந்து: "எழுதிக்கோ. அவன் கேட்டான். ரெண்டு தடவை கேட்டான். நான் பதில் சொல்லல."

பேனா ஓடும் சத்தம் வரவில்லை.

"எழுதிட்டியா?"

அக்கா தாளை நேராக்கும் சத்தம் கேட்டது.

"ஏய். சொல்றேன்ல, எழுது."

"சொல்லிட்டீங்கல்ல," என்றாள் அக்கா. "இருங்க."

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். வராந்தாவில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் சக்கரச் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகு, பேனா தாளைத் தொட்டது. நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக, வழக்கமாகக் கையெழுத்து மட்டுமே போட்டுப் பழகியவளின் வேகத்தில் அது நகர்ந்தது. ஒரு வார்த்தையா, ஒரு வரியா என்று அவன் எண்ண முயன்றான். எண்ண முடியவில்லை. திரும்பக் கூடாது.

எதிரே ஜன்னல் கண்ணாடியில் மங்கலாக அறை தெரிந்தது. குனிந்த அக்காவின் தலை, நகரும் கை. அவள் தோளுக்கு மேலாகத் தாளை எட்டிப் பார்த்த மாமா கண்ணைச் சுருக்கினார், கழுத்தைப் பின்னுக்கு இழுத்தார், மறுபடி சுருக்கினார். அது தான் சொன்னதுதானா என்று, கண்ணாடி போடாத அந்தக் கண்களுக்குப் பிடிபடவில்லை. மாவுக்கட்டுப் போட்ட வலது கை மெல்ல உயர்ந்து, அவள் தோளைத் தொடுவதற்குச் சற்று முன்பு, காற்றிலேயே நின்றது.