தூணுக்கும் சுவருக்கும் நடுவே

வெயில் இறங்கும் நேரத்தில் எங்கள் வீட்டு மேற்குச் சுவர் தட்டும். டொக், டொக். அம்மா கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சுவரில் காதை வைப்பாள்.

"உங்க அண்ணன்தான்டி. அவன் கதவத் தட்டுற மாதிரியே இருக்கு பாரு."

இந்த நான்கு மாடிக் கட்டடத்தை வடிவமைத்தவன் அண்ணன். கீழ்வீடு எங்களுடையது. குடிவருவதற்குள் பைக் விபத்தில் போய்விட்டான். நானும் அதே தொழில்தான். பேய்க்கும் எனக்கும் ஒத்துவராது. அவனுடைய கம்ப்யூட்டரைத் திறந்து கட்டடத்தின் மாடலைப் பார்த்தேன்.

திரையில் தூணும் கான்கிரீட் சுவரும் ஒட்டித்தான் நிற்கின்றன. பெரிதாக்கினால் நடுவே ஒரு மயிரிழை. இரண்டையும் இணைக்கும் பொதுவான புள்ளி இல்லை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இரண்டும் முன்பின் தெரியாத ஆட்கள். கணக்கு அப்படி, வரைபடமும் அப்படி; சுவரின் குறுக்குக் கம்பிகள் தூணுக்குள் போகவே இல்லை. வெயிலில் சூடான சுவர் ஆறும்போது தூணோடு உரசுகிறது. நிலம் கொஞ்சம் ஆடினால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போகும்.

பெரிய கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியவன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்டக்கூட ஆள் இல்லை.

"துளை போட்டு, கம்பி சொருகி, ரெண்டையும் சேத்துடணும்மா."

"சேத்துட்டா?"

"சத்தம் வராது."

அம்மா சுவருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "தினமும் வந்து பேசிட்டுப் போறான். அவன் வாயையும் அடைக்கப் போறியா?"

"அவன் செஞ்ச தப்பும்மா. மேல குழந்தைங்க இருக்குங்க."

அம்மா அண்ணாந்து மேல்தளத்தைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் கிடந்த நாற்காலியை நகர்த்தி வழிவிட்டாள்.

"அவன் பேரு கெடக்கூடாது. செய்."

மற்ற மாடிகளை முடித்துவிட்டு ஆட்கள் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கம்பி தூணுக்குள் இறங்கியது. பசை ஊற்றி, கான்கிரீட் போட்டு மூடினார்கள். வேலை சுத்தம்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் நல்ல வெயில் இறங்கியது. வீடு மூச்சுக் காட்டவில்லை. அம்மா சுவரோடு காதை ஒட்டி நின்றாள். விரல் முட்டியால் தட்டினாள். காத்திருந்தாள். மறுபடி தட்டினாள்.

எனக்குத் தாங்கவில்லை. வெளியே போய், ஒரு கல்லை எடுத்து அந்தப் பக்கத்திலிருந்து மெல்லத் தட்டினேன். டொக், டொக்.

ஜன்னல் வழியாக அம்மாவின் குரல் வந்தது.

"நீ தட்டாதடி. அவன் தட்டினா எனக்குக் கேக்காது."