மோடம் பெட்டிக்கு இலை போட்ட வீடு

1957 சுதந்திர நாளான மெர்டேக்காவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, மலாக்கா காஜா பெராங்கின் கம்போங் செட்டியில், தெய்வானை வீட்டுச் சாமி அறையில் ஒரு மோடம் பெட்டி இருந்தது. உலகத்தில் மோடம் வீட்டுக்கு வர இன்னும் பல வருஷம் இருந்தது என்பதைத் தவிர அதில் குறை ஒன்றுமில்லை. முகப்பில் நான்கு சின்ன விளக்குகள், ஓரத்தில் ஒரு பொத்தான், எங்கும் செருகாத ஒரு கம்பி. அந்த வாரம் கானாங்கெளுத்தி மீன் விலை ஏறியிருந்ததால் ஊரெல்லாம் அதே பேச்சு. பெட்டிக்குப் பொட்டு வைத்ததோடு சரி.

முதல் விளக்கு எப்போதும் பச்சையாக எரியும். இரண்டாவது, நினைத்த நேரத்தில் சிவப்பாகச் சிமிட்டும். மற்ற இரண்டும் எரிந்ததே இல்லை. சிவப்பு சிமிட்டினால் முன்னோர்கள் வந்துவிட்டார்கள் என்று தெய்வானை முடிவு கட்டினாள். மலாக்கா செட்டிகள் போகி நாளில் முன்னோருக்குப் பார்ச்சு படைக்கும்போது, இலையில் சோறும் கறியும் வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். சாப்பிடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை. ஆகவே பெட்டி சிமிட்டும்போதெல்லாம் உள்ளே இலை, வெளியே குடும்பம். மரியாதைக்கு அந்த வீட்டில் பஞ்சமே இல்லை. கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாம்.

வாசலில் காத்திருக்கும்போது தெய்வானைக்கு மகள் அலமேலுவின் நினைப்புதான். எஸ்டேட் லாரி ஓட்டிய கணேசமூர்த்தியைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றவளிடம், "ஜாங்ஙான் பாலெக்" என்று, திரும்பி வராதே என்று, சொன்னவள் தெய்வானை. செட்டிகளின் பேச்சு மலாய், கோபமும் மலாயில்தான். போனவள் போர்னியோவில், மீரியில் இருக்கிறாள் என்றார்கள், புரூணை என்றார்கள், விலாசம் யாருக்கும் தெரியவில்லை. மகள் போன மறுநாளே தெய்வானைக்கு மனசு கேட்கவில்லை. ஒரு சேதி வரட்டும், நானே மன்னிப்புக் கேட்கிறேன் என்று துக்காங் எமாஸ் தெருக் கோயில் விநாயகரிடம் வேண்டிக்கொண்டாள்.

இரண்டு மூன்று வருஷத்தில் பெட்டி அடங்கிப்போய், போகியன்று மட்டும் சிமிட்டியது. அதே போகிகளில் தெய்வானைக்குச் சாப்பிடாமலே வயிறு நிறைந்தது, வாயில் சம்பல் காரம் நின்றது. வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டாள்.

1963 போகியன்று பக்கத்து வீட்டுக்குத் டெலிபோன் கம்பி இழுக்க வந்த ஜெயபாலன் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டான். தெய்வானையை மக்சிக், அத்தை, என்று கூப்பிட்டு, பாதி மலாயிலும் பாதி தமிழிலும் கேட்டான்.

"மக்சிக், உள்ள சிவப்பு லைட்டு மின்னுதே, யாரும் எடுக்கலையா? எங்க எக்ஸ்சேஞ்ச் போர்டுலயும் இப்படித்தான். அந்தப் பக்கம் யாரோ கூப்பிடுறாங்க. பட்டனை அமுக்கினாத்தான் லைன் கிடைக்கும் லா."

"அது செத்துப்போனவங்க."

"செத்தவங்க எதுக்கு மக்சிக் போன் பண்ணப்போறாங்க?"

தெய்வானை கதவைத் திறந்துகொண்டு ஓடிப் பொத்தானை அமுக்கினாள். பெட்டி தகரத்தைக் கீறியதுபோல் அலறி ஓய்ந்தது. மூன்றாவது விளக்கு எரிந்தது. அலமேலுவின் குரல் வந்தது. "பாங்குன், பாங்குன்! நேனேக் டாத்தாங் மாக்கான்!" எழுந்திருங்கள், பாட்டி சாப்பிட வந்துவிட்டாள் என்று அவள் பிள்ளைகளை விரட்டினாள். தனக்குப் பேரப்பிள்ளைகள் இருப்பது தெய்வானைக்கு அப்போதுதான் தெரியும். சின்னக் கால்கள் ஓடின. அங்கே கதவு சாத்தப்பட்டது. "மாக் மாசி ஹீடுப்!" உயிரோடுதான் இருக்கிறேன் என்று தெய்வானை கத்தினாள். நான்காவது விளக்கு எரிந்தது. கேட்க அந்த அறையில் யாரும் இல்லை. மகளை அப்படித்தான் வளர்த்திருந்தாள்.

அம்மா கோபமாக இருந்தால் எடுத்துத் திட்டவாவது செய்வாள், இத்தனை வருஷம் கூப்பிட்டும் எடுக்கவே இல்லை என்றால் அம்மா உயிரோடு இல்லை என்று அலமேலு எண்ணியிருக்க வேண்டும். பாவம், அந்தக் கணக்கில் தப்பு சொல்ல முடியாது.

அதன்பின் ஒவ்வொரு போகிக்கும் தெய்வானை பெட்டியின் முன் தனியாக உட்கார்ந்து, மூடிய அறையிடம் மன்னிப்புக் கேட்டாள், பிள்ளைகளின் பெயர் கேட்டாள், வீட்டுக்கு வரச் சொன்னாள். அங்கே கதவு திறக்கும்போது இங்கே விளக்கு அணைந்துவிடும். ஒரு வருஷம் அழுது முடித்தவள், வாயில் இருந்த சம்பலைச் சப்புக்கொட்டி, "பெலாச்சான் குராங்", இறால் விழுது போதாது என்றாள். மற்றதெல்லாம் போய்ச் சேர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வருஷம் பெலாச்சான் சரியாக இருந்தது.