தாடைக்குக் கீழே ஒரு கட்டி

தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் புது மூக்குக்கண்ணாடியைக் கொழுந்தனுக்கு மாட்டிவிட்டு, அது காதில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தவளின் விரல் வழியிலேயே நின்றுவிட்டது. அவன் இடது தாடைக்குக் கீழே, கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி.

"இது எத்தனை நாளா இருக்கு?"

"எது அண்ணி?"

மின்கம்பியை உரசும் கிளைகளை வெட்டுவது அவன் வேலை. மரமேறும் வேகத்தைப் பார்த்துக் கூட வேலை செய்தவர்கள் 'அணில்' என்று வைத்த பெயர் வீட்டுக்குள்ளும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"மழுப்பாத. கழுத்துல."

"அதுவா... கொஞ்ச நாளா. தொடை இடுக்குலகூட நெறி கட்டியிருக்கு. அதையெல்லாம் உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

அவள் கணவனுக்கும் கழுத்தில் இப்படித்தான் ஆரம்பித்தது. சளிக்கட்டி, தானாகப் போய்விடும் என்று அவன் நாளைக் கடத்தினான். நிணநீர்க் கணுவில் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. கடை முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, போட்டிருந்த கடைச் சட்டையோடு கொழுந்தனை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா அழுத்திப் பார்த்தார். காய்ச்சல் உண்டா என்றார். உண்டு, உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது என்றான். தொடை இடுக்கிலும் நெறி என்றதும் கால்சட்டையைச் சுருட்டச் சொன்னார். முழங்காலின் பின்புறம் உள்ளங்கையைவிடப் பெரிதாக, வளையம் போட்ட சிவப்புத் தடிப்பு.

"ஐயோ, இது எப்ப வந்துச்சு?" என்று அவனே எட்டிப் பார்த்தான்.

"புதருக்குள்ள நிக்கும்போது உண்ணி கடிச்சிருக்கு. இது லைம் நோய். கடிச்ச இடத்துக்குப் பக்கத்துல இருக்கிற நெறி வீங்கும். கால்ல கடிச்சதால இடுப்புக்குக் கீழ கட்டியிருக்கு. மாத்திரையில வத்திரும்."

"பாத்தீங்களா அண்ணி! ஒரு உண்ணிக்குப் போய் ஊரைக் கூட்டிட்டீங்க."

அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. "கழுத்துல இருக்கிறது?"

டாக்டரம்மா மறுபடி தாடையைத் தொட்டார். "இந்த நோயில அங்கயும் வரலாம். ஆனா ஒரு பக்கம் மட்டும், இவ்வளவு கெட்டியா இருக்கு. எல்லாப் பழியையும் உண்ணி மேல போட வேணாம். மாத்திரை முடிஞ்சும் குறையலைன்னா ஊசியால எடுத்துச் சோதிக்கணும்."

காய்ச்சல் விட்டது. தடிப்பு மங்கியது. தொடை இடுக்கில் இருந்தது இருந்த இடம் தெரியாமல் வற்றியது. தாடைக் கட்டி மட்டும் அப்படியே இருந்தது. தினமும் தொட்டுப் பார்த்தவள், ஒரு கட்டத்தில் தொடவே பயந்தாள்.

"சோதனைக்குப் போலாம் வா."

"அண்ணன் செத்தா நானும் சாகணுமா? விடுங்களேன்!"

"உங்க அண்ணனும் இப்படித்தான் கத்தினாரு," என்றாள் அவள். "நானும் விட்டுட்டேன்."

மறுநாள் காலை அவள் கிளம்புமுன் அவன் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

முடிவு வாங்கப் போன அன்று டாக்டரம்மா காகிதத்தைப் படித்து முடிக்கும்வரை அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புற்றுநோய் இல்ல. ஏதோ கிருமியால வந்த வீக்கம்தான். வாயைத் திறங்க." விளக்கடித்துப் பார்த்தவர் முகம் சுளித்தார். "கடைவாய்ப் பல் வேரோட சீழ் பிடிச்சிருக்கு. வலிக்கலையா?"

"வலிச்சுது. அந்தப் பக்கம் மெல்றதில்ல."

"பல் டாக்டர்கிட்ட போறதுக்கென்ன?"

அணில் தரையைப் பார்த்தான். "ஈறுல ஊசி போடுவாங்களே..."

கரண்டு கம்பிக்குப் பக்கத்தில் மரத்தில் தொங்குகிறவன்! அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வெளியே வராந்தாவுக்கு வந்ததும் அதுவே அழுகையாகிச் சுவரைப் பிடித்துக்கொள்ள வைத்தது. அவன் என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றான்.

"இன்னிக்கே பிடுங்கிரலாம் அண்ணி," என்றான் மெல்ல. "நீங்க கூட வாங்க."

பல் போன பிறகு கட்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. அது முழுவதும் போகும்வரை, தினமும் வேலை விட்டு வந்ததும் அவனே கழுத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான்.