பெயர்களைப் புதுப்பிக்கவா?

அச்சகத்தில் எல்லோரும் அவரைச் 'சொல்லாக்கம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பகலில் மெய்ப்புத் திருத்துவது பிழைப்பு. வீடு திரும்பி முகம் கழுவியதும் லினக்ஸ் கணினியின் பட்டன்களையும் பட்டியல்களையும் தமிழாக்குவது தொண்டு. எட்டு வருடமாக இதே வேலை. யாரும் கேட்கவும் இல்லை, யாரும் தடுக்கவும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், அவர் வீட்டுக் கணினி மட்டும் ஆங்கிலத்திலேயே இருந்தது.

காரணம் அவர் மனைவி. பிரசவ வார்டில் தலைமை நர்ஸ். புதிதாகச் சேரும் நர்சுகளுக்கென்று தன் இருபது வருட அனுபவத்தை நூற்று நாற்பது பக்கக் கையேடாக எழுதி, அந்தக் கணினியின் 'டாக்குமெண்ட்ஸ்' என்ற கோப்புறையில் வைத்திருந்தாள். திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒன்றாம் தேதி புது நர்சுகள் வருகிறார்கள்.

"அது போற வரைக்கும் இந்த மெஷின்ல கை வைக்காதீங்க. புண்ணியமாப் போகும்" என்று கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

மனிதர் கேட்டாரா? சனிக்கிழமை காலை அவள் டியூட்டிக்குக் கிளம்பியதுதான் தாமதம், கணினியின் மொழியைத் தமிழுக்கு மாற்றி, வெளியேறி, மறுபடி உள்ளே நுழைந்தார். திரையில் ஒரு பெட்டி எழும்பியது. புது மொழிக்கு ஏற்ப வழக்கமான கோப்புறைகளின் பெயர்களைப் புதுப்பிக்கவா என்று கேட்டது. அடியில் ஒரு வரி: 'ஏற்கெனவே உள்ள கோப்புகள் இடம் மாற்றப்படமாட்டா.'

அட, நம்ம வரி! அவரே எழுதியதுதான். 'மாட்டாது' என்று போடச் சொல்லித் தமிழாக்கக் குழுவில் மூன்று நாள் மல்லுக்கு நின்றார்கள், விட்டுக்கொடுத்தாரா? அந்த வெற்றியை நினைத்து அவர் வரியை ஒருமுறை ரசித்தார், இன்னொரு முறையும் ரசித்தார். அது என்ன சொல்கிறது என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. 'புதுப்பி'யை அழுத்தினார்.

ஆவணங்கள், படங்கள், இசை, பதிவிறக்கங்கள் எல்லாம் வரிசைகட்டி வந்து நின்றன. கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. நடுவில் அந்தப் பழைய 'டாக்குமெண்ட்ஸ்' மட்டும் போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தது. 'ஆவணங்கள்'தான் வந்துவிட்டதே, இது எதற்கு இன்னும்? சாமானெல்லாம் புது வீட்டுக்குப் போயிருக்கும், இது காலிக்கூடு என்று தானாகவே முடிவு கட்டினார். மெய்ப்பில் ஒரு காற்புள்ளியைக்கூட விடாத மனிதர், அதைத் திறந்து பார்க்கவில்லை. குப்பைத்தொட்டியில் போட்டார். தொட்டியையும் காலி செய்தார். 'நிரந்தரமாக அழிக்கவா?' என்று கணினி கேட்டது. அதுவும் அவர் எழுதிய கேள்விதான்.

மாலையில் அவள் வந்து 'ஆவணங்கள்' கோப்புறையைத் திறந்தாள். துடைத்துவிட்ட தட்டு மாதிரி இருந்தது.

"என்னங்க, என் புக்கு எங்க?"

நடந்ததைத் திக்கித் திணறிச் சொன்னார். அவள் கத்தவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அந்தப் பெட்டியில என்ன எழுதியிருந்துச்சு?"

சொன்னார்.

"அத எழுதுனது யாரு?"

"நான்தான்."

"யாருக்காக எழுதுனீங்க?"

"படிக்கிறவங்களுக்காக."

"அதுல நீங்க சேர்த்தி இல்லையா?"

ஞாயிறு முழுக்க அழிந்ததை மீட்கத் தலைகீழாக நின்று பார்த்தார், ஒன்றும் தேறவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் எடுத்த பழைய அச்சுப்பிரதி ஒன்று மிஞ்சியிருந்தது, அதுவும் நூறு பக்கம்தான். அதைப் பார்த்து அவரே தட்டச்சு செய்தார். மீதி நாற்பதை, டியூட்டி முடிந்து வந்த அலுப்போடு, அவள் வாயால் சொன்னாள்.

"குழந்தை அழலேன்னா நீங்க பதறக் கூடாது. முதல்ல துடைங்க. முதுகைத் தேய்ச்சு விடுங்க. அப்பவும் மூச்சு வரலேன்னா காத்திருக்காதீங்க. ஒரு நிமிஷம்தான் இருக்கு."

அவர் விரல் நின்றுவிட்டது. இருபது வருடமாக இவள் இதைச் செய்துவிட்டு வந்துதான் தனக்குச் சோறு போட்டிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. "டைப் அடிங்க, நிமிஷம் போயிட்டே இருக்கு" என்றாள்.

முடிக்க மூன்று வாரம் ஆனது. அதற்குள் புது நர்சுகள் கையேடு இல்லாமலே வார்டுக்குள் போய்விட்டார்கள்.

கடைசிப் பக்கம் முடிந்த அன்றே அவள் கணினியை ஆங்கிலத்துக்கு மாற்றினாள். மறுபடி உள்ளே நுழைந்ததும் அதே பெட்டி, இப்போது ஆங்கிலத்தில். கோப்புறைப் பெயர்களை மாற்றவா என்றது. அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக அவளுக்கு விளக்கினார்.

"பேரு மாறும். ஆனா உள்ள இருக்குற ஃபைல் எதுவும் கூடவே போகாது. பழைய எடத்துலதான் கெடக்கும்."

"இவ்வளவு நல்லாச் சொல்லத் தெரியுதே! அன்னைக்கே இப்படி எழுதியிருந்தா என்னவாம்?" என்றபடி, பழைய தமிழ்ப் பெயர்களே இருக்கட்டும் என்ற பட்டனை அவளே அழுத்தினாள்.

இப்போது அந்தக் கணினியில் எல்லாம் ஆங்கிலம், கோப்புறைப் பெயர்களைத் தவிர. அவள் கையேடு 'ஆவணங்கள்' என்ற கோப்புறையில் பத்திரமாக இருக்கிறது. எட்டு வருடத் தொண்டில் அவர் வீட்டில் நிலைத்தது அந்த நாலைந்து பெயர்கள்தான். அவற்றைத் தொட அவருக்கு அனுமதி இல்லை.