ராவ்ன்கில்டெ எழுதி வைத்த ஒரு வரி

“குட்ரூன், நீ கொஞ்ச நேரம் வெளிய இருக்கணும்,” என்றார் ஆலை நிர்வாகக் குழுத் தலைவர் க்ரெஸ்டன்.

“எதுக்கு? நானும் இந்தக் குழுவுல ஒருத்திதான். குப்பி அடைக்கிற பிரிவே ஓட்டுப் போட்டு அனுப்பினவ.”

“தெரியும். ஆனா இப்ப பேசப்போறது உன் தங்கச்சி போட்டுக்கற மருந்தப் பத்தி. சொந்த விஷயம் இருக்கறவங்க உள்ள இருக்கக் கூடாது. சட்டம்.”

“அதாவது, இதுல சொந்தக்காரங்க உசுரு சிக்காதவங்க மட்டும் உக்காந்து முடிவு பண்ணணும்?”

“ஆமா. உன் கேக் துண்டையும் எடுத்துட்டுப் போ.”

எடுத்துக்கொண்டுதான் போனேன். ஹோர்சென்ஸ் ஊரில் அந்த மருந்தாலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள் நான். கோபத்திலும் கேக்கை விட்டுவிட்டு வந்ததில்லை. அன்று மட்டும் அது தட்டிலேயே கிடந்தது.

என் தங்கை யூட்டேவுக்கு வாரம் ஓர் ஊசி. இரண்டு வாரம் தவறினால் படுக்கை, மூன்றாவது வாரம் பாதிரியார். நாட்டில் அந்த நோய் உள்ளவர்கள் நான்கே பேர். அந்த நான்கு பேருக்காக ஆலையில் ஓர் உற்பத்திக் கூடமே ஓடியது. உலகில் வேறெங்கும் அந்த மருந்தைச் செய்வதில்லை. கூடத்தை மூடலாமா என்பதுதான் உள்ளே பேச்சு.

நாற்பது நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. க்ரெஸ்டனும் ஆலையின் வழக்கறிஞர் வீபெகேயும் வெளியே வந்தார்கள்.

“மூடலை,” என்றார் க்ரெஸ்டன்.

“யாருப்பா எங்க பக்கம் பேசினது? சொல்லு, அவங்க கையப் பிடிக்கணும்.”

“யாரும் பேசல.”

“அப்ப ஓட்டு?”

“ஓட்டே எடுக்கல. உண்மையச் சொல்றேன், குட்ரூன். நான் மூடணும்னுதான் வந்தேன். உள்ள இருந்த அத்தனை பேரும் அப்படித்தான்.”

“பின்ன?”

வீபெகே கையிலிருந்த பழுப்புத் தாளை நீட்டினாள். ஆலையை ஓர் அறக்கட்டளையின் பெயரில் எழுதி வைத்துவிட்டுப் போன கிழவர் ராவ்ன்கில்டெயின் சாசனம். அவர் செத்து எழுபது வருடம். அவள் விரல் வைத்த இடத்தைப் படித்தேன்: ‘இம்மருந்து தேவைப்படும் ஒருவர் இந்நாட்டில் உயிரோடு இருக்கும்வரை, ஆலை அதைச் செய்யும்.’

“இத மாத்த முடியாதா?”

“நிறைவேத்தவே முடியாதுன்னு நிரூபிச்சாத்தான் மாத்தலாம்,” என்றாள் வீபெகே. “முடியுதே. தொல்லையா இருக்கு, அவ்வளவுதான்.”

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதே நோய் வந்த தன் மகளை நினைத்து அந்த மனுஷன் எழுதிய ஒரு வரி. அவருக்குப் பேர்கூடத் தெரியாத என் தங்கைக்காக எண்ணூறு பேரையும், உலை, கொதிகலன், லாரி எல்லாவற்றையும் இன்றைக்கும் அது இழுத்துக்கொண்டு போகிறது. அந்த வரிக்கு மனசு கிடையாது. ஆனால் யாருடைய மனசாலும் அதை நிறுத்த முடியவில்லை.

“க்ரெஸ்டன், அந்தக் கெழவர் வேற மாதிரி எழுதியிருந்தா?”

“என்ன மாதிரி?”

“லாபம் வர்ற வரைக்கும்னு.”

அவர் பொய் சொல்லவில்லை. “மூடியிருப்போம். உன்கிட்ட வந்து ரொம்ப வருத்தமா இருக்குன்னு சொல்லியிருப்போம். நெசமாவே வருத்தமாத்தான் இருந்திருக்கும்.”

அவரைத் திட்ட வாய் வரவில்லை. நல்ல மனுஷர்.

படியிறங்கியதும் யூட்டேவுக்குப் போன் செய்தேன். முழுதும் கேட்டாள்.

“அப்ப மத்த மூணு பேரும் போயிட்டா?”

“நீ ஒருத்தி இருக்கற வரைக்கும் ஓடும்.”

“எனக்காக? அவ்வளவு பெரிய ஆலையா?”

“உனக்காகத்தான்டி. உன்னைத் தெரியாமலே.”

“குட்ரூன், நான் பனியில வாசல்ல நிக்கறேன்,” என்றாள். “உள்ள போறேன். ஒரு ஆலையவே சுமந்துகிட்டுச் சளி பிடிச்சுக்கக் கூடாது.”